சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒரு கணக்கு, நேரம் வேறு கணக்கு

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் சேவைகளில் உலகிலேயே நீளமானவற்றில் ஒன்று இது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் சுமார் பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி. இந்த ஒரு வழித்தடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் வேறு எந்த நெடுந்தூரப் பயணத்துக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். தூரத்தையும் நேரத்தையும் குழப்பக்கூடிய அத்தனை விஷயங்களும் இதில் இருக்கின்றன: துருவத்தை ஒட்டிய பாதை, காற்று, தேதிக் கோடு, பகல் சேமிப்பு நேரம், ஒரே நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டரை வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். கிலோமீட்டர் தெரிந்திருப்பது நல்லது. எந்த வழி சுற்றுவழி என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் விடுப்பு, தங்குமிடம், மருந்து வேளை, அடுத்த விமானம் எல்லாவற்றுக்கும் நம்ப வேண்டியது அட்டவணையில் உள்ள மணிக்கணக்கைத்தான்.

அந்த 15,349 எங்கிருந்து வருகிறது?

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது பசிபிக் வழியாகவோ அட்லாண்டிக் வழியாகவோ போகும். உண்மையான குறுக்குவழி அதுவல்ல. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் விரலால் அழுத்திப் பிடித்து, மறு முனையை நியூயார்க் வரை இறுக்கி இழுங்கள். நூல் தானாக வழுக்கி மேலே ஏறும். உருண்டையின் உச்சியில் அச்சாணி குத்தியிருக்கும் இடத்தை உரசியபடிதான் போய் நிற்கும். காரணம் எளிது. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, கென்னடி நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகைக்குச் சற்று உள்ளே. கூட்டினால் ஏறக்குறைய 178. அதாவது இரண்டும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே மிகக் குறுகிய பாதை சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேராக வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவான நெருக்கத்தில் கடந்து, கனடாவின் வடதீவுகள், கியூபெக் மாநிலம் வழியாக நியூயார்க்குக்கு இறங்குகிறது. இப்படி உருண்டையின் மேல் இழுத்த நூலின் நீளத்தைத்தான் பெருவட்டத் தூரம் என்கிறார்கள். இணையத்தில் எந்தத் தூரக் கணிப்பானைத் திறந்தாலும் கிடைப்பது இதுதான்.

கணிப்பான் இல்லாமலும் அளக்கலாம். நூலில் நியூயார்க் தொட்ட இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, அதை அப்படியே நிலநடுக்கோட்டின் மேல் படுக்க வையுங்கள். எத்தனை பாகை பிடிக்கிறது என்று எண்ணி 111ஆல் பெருக்குங்கள். இந்த நூல் 138 பாகை பிடிக்கும். பெருக்கினால் 15,318 கிலோமீட்டர். சரியான விடைக்கு 31 கிலோமீட்டர்தான் குறைவு. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 180 பாகைக்கு மேல், அதாவது சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. அந்த உச்ச அளவில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானது இந்தப் பயணம்.

மைல் கணக்கில் ஓர் எச்சரிக்கை. விமானத் துறையினர் சொல்லும் மைல் கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். அமெரிக்கச் சாலைப் பலகைகளில் இருப்பது 1.609 கிலோமீட்டர் மைல். இதே தூரம் ஒரு கணக்கில் சுமார் 8,290 மைல், மற்றொன்றில் 9,537 மைல். இரண்டையும் கலந்துவிட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

விமானம் அந்தக் கோட்டில் பறப்பதில்லை

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான நியூவர்க்குக்கு நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது அந்த நிறுவனமே சொன்ன பயணத் தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர். பெருவட்டக் கோட்டைவிட ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் அதிகம். ஏன் சுற்றிக்கொண்டு போகிறார்கள்? பெரும்பாலும் காற்றுக்காக.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், பயணி விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு அருகே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. விமானம் காற்றுக்குள் பறக்கும் வேகம் எப்போதும் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். முன்னிருக்கையின் முதுகில் இருக்கும் திரையில் நீங்கள் பார்க்கும் எண் அதுவல்ல, தரைவேகம். பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளினால் திரையில் 1,050 என்று தெரியும். அதே காற்று முகத்தில் அடித்தால் 750. ஒரு மணி நேரத்துக்கு 300 கிலோமீட்டர் வித்தியாசம்! அதனால்தான் பின்காற்று கிடைக்கும் நீளமான வழி, எதிர்காற்று அடிக்கும் குறுக்குவழியைவிடச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, எரிபொருளும் மிச்சமாகிறது.

ஆகவே சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, ஜப்பானை ஒட்டி வட பசிபிக்கைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைகிறது. திரும்பும்போது பல நாள்களில் அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கிறது. அப்படி அமைந்த நாளில் போய்த் திரும்பும் பயணி பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார். சாளரத்தோர இருக்கையைப் பதிவு செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிதாக ஆசை காட்டுவது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்த வழி என்பது அன்றைய காற்றைப் பார்த்து, புறப்படச் சில மணி நேரம் முன்புதான் முடிவாகும். பாதையை நம்பி இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

காற்றைத் தவிர வான்வெளி அனுமதியும் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து பல விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியில் பறப்பதில்லை. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ நீங்கள் பழைய பயணத்தில் பார்த்த மணிக்கணக்கை அப்படியே நினைவில் வைத்திருந்தால், புதிய டிக்கெட்டைப் பார்த்து ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி

தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். நெடுந்தூர ஜெட் விமானத்துக்கு இது போதும். 15,349ஐ 850ஆல் வகுத்தால் 18 மணிக்குச் சற்று மேல். அரை மணி கூட்டினால் பதினெட்டரை. டிக்கெட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். சென்னை – சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் 4 மணி. லண்டன் – நியூயார்க் 5,540 கிலோமீட்டர். கணக்கில் 7 மணி. ஆனால் லண்டனிலிருந்து மேற்கே போகும்போது 8 மணி ஆகும், கிழக்கே திரும்பும்போதுதான் 7. காற்றின் வேலை அங்கே பச்சையாகத் தெரியும். மேற்கு நோக்கிய பயணம் என்றால் பத்து மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது என் வழக்கம்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிலைய வாயிலிலிருந்து விமானத்தைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் வாயிலில் நிறுத்துவது வரையுள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கென்னடி போன்ற நெரிசலான நிலையத்தில் மேலெழும் முன் நீண்ட நேரம் காத்திருப்பது சாதாரணம். அட்டவணை போடுகிறவர்களுக்கு அது தெரியும் என்பதால் சற்றுத் தாராளமாகவே நேரம் வைப்பார்கள். பின்காற்று பலமாக இருக்கும் நாளில் அரை மணி, முக்கால் மணி முன்னதாகவே இறங்குவது அதனால்தான். அந்த அரை மணியை நம்பி எதையும் ஏற்பாடு செய்யக் கூடாது.

இவ்வளவு தூரம் பறக்க என்ன வேண்டியிருக்கிறது

இந்தத் தடத்தில் பறப்பதற்கென்றே அமைந்த விமானம் ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர். வழக்கமான ஏ350-900இல் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இதில் 1,65,000 லிட்டர். எடையில் சுமார் 130 டன். விமானம் மேலெழும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். அதில் பாதியை நெருங்கும் அளவு எரிபொருளே! அந்த எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் என்பதால்தான் ஆட்களைக் குறைக்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வைத்திருப்பது மொத்தம் 161 இருக்கைகள்: பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது.

இதற்கு முன்னால் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2004இல் நான்கு என்ஜின் கொண்ட ஏ340-500 விமானத்தை வைத்துச் சிங்கப்பூர் – நியூவர்க் நேரடிச் சேவை தொடங்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. 2008இல் 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் என்று மாற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே என்ஜினில் இவ்வளவு தூரம் போகும் விமானம் வந்த பிறகு 2018 அக்டோபரில் சேவை உயிர்பெற்றது. கென்னடிக்கான நேரடிச் சேவை 2020 நவம்பரில் தொடங்கியது.

பயணிக்கு இதில் உள்ள பாடம் கட்டணத்தைப் பற்றியது. குறைந்த கட்டண இருக்கை வேண்டுமென்றால், அதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிறுத்திப் போகும் சேவையைப் பாருங்கள். சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,280 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 6,190. கூட்டினால் 16,470. நேர்க்கோட்டைவிட 1,100 கிலோமீட்டர் சொச்சம்தான் அதிகம். நேரமோ ஒரு நாளை நெருங்கிவிடும். நாலைந்து மணி நேரம் கூடும், பாதி வழியில் இறங்கிக் கால் நீட்டலாம். முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இடையில் நிற்கும் இந்த வழியையே நான் சொல்வேன்.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் சிங்கப்பூர் வழியாக நியூயார்க் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், ஆனால் நூலை வைத்துப் பாருங்கள். சென்னை – நியூயார்க் நேர்த் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். லண்டன் வழியாக 13,800க்கும் உள்ளே. துபாய் வழியாக 14,000க்கும் உள்ளே. சிங்கப்பூர் வழியாக 18,200ஐத் தாண்டும். 4,700 கிலோமீட்டர் கூடுதல் என்றால் ஐந்தரை மணி நேரம் கூடுதலாக விமானத்தில் உட்கார வேண்டும். சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்குகிற எண்ணம் இருந்தால் அது நல்ல வழி. சும்மா மாறிப் போவதற்கு வேண்டாம்.

கடிகாரம், கிழமை, தேதி

இந்தப் பயணத்தில் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட எப்போதும் 8 மணி முன்னால். நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடைக் கணக்கு, அதாவது பகல் சேமிப்பு நேரம். ஆக இரண்டு ஊருக்கும் வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி. கோடையில் கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். காலையை இரவாக்கிக்கொண்டால் போதும்.

போகும் பயணத்தைப் பாருங்கள். திங்கள்கிழமை 00:15க்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் என்று போட்டிருந்தாலும் நீங்கள் சாங்கியில் இருக்க வேண்டியது ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு. திங்கள் இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இந்தத் தவறைத் தவிர்க்க, நள்ளிரவுக்குப் பிந்தைய விமானங்களை நாள்காட்டியில் முந்தைய நாளில் எழுதி வையுங்கள். 00:15க்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால் சிங்கப்பூர்க் கடிகாரத்தில் திங்கள் மாலை 6:55. கோடையில் நியூயார்க்கில் அப்போது திங்கள் காலை 6:55, குளிர்காலத்தில் 5:55. விடுதிகள் பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை தரும். அதுவரை எங்கே இருப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வயதானவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் ஞாயிறு இரவுக்கும் சேர்த்து அறை பதிவு செய்வது வீண் செலவல்ல.

திரும்பும் பயணம் இதற்கு நேர்மாறு. கோடையில் திங்கள் இரவு 10:30க்கு நியூயார்க்கில் ஏறுகிறீர்கள். சிங்கப்பூரில் அப்போது செவ்வாய் காலை 10:30. அதே 18 மணி 40 நிமிடம் கழித்து இறங்கும்போது புதன் காலை 5:10. செவ்வாய்க்கிழமை முழுவதும் வானத்திலேயே போய்விடும். விடுப்பு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு நாளைச் சேர்த்துக் கேளுங்கள். விரதம், திதி பார்க்கிறவர்களும் இதை முன்பே கவனிக்க வேண்டும்.

தேதிக் கோட்டைக் கடந்தோமா இல்லையா என்று கவலைப்படத் தேவையில்லை. பசிபிக் வழியாகப் போனாலும் அட்லாண்டிக் வழியாகப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. புறப்படும் நேரத்தைச் சேருமிடத்தின் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, பயண மணியைக் கூட்டுங்கள். எத்தனை நேர மண்டலங்கள் இருந்தாலும் இந்த ஒரு வழி போதும்.

விமான நிறுவனங்களின் அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும்; அமெரிக்கக் கடிகாரம் வேறு ஞாயிறுகளில் மாறும். அந்த இடைப்பட்ட வாரங்களில் பயணம் என்றால் அடுத்த விமானத்துக்கான இடைவெளியை மறுபடி சரிபாருங்கள்.

உடம்பின் கணக்கு

பன்னிரண்டு மணி வித்தியாசம் என்பது உடம்புக்கு முழுத் தலைகீழ். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் தூக்கக் கடிகாரம் நகரும் என்பார்கள். மூன்று நாள் வேலைக்காகப் போகிறவர் நியூயார்க் நேரத்துக்குப் பழகும் முன்பே திரும்பிவிடுவார். அவர் முக்கியமான சந்திப்புகளைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரம் தங்குகிறவர் முதல் நாளிலிருந்தே பகல் வெளிச்சத்தில் நடமாட வேண்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் எந்த வழிகாட்டி நூலையும், இதையும் சேர்த்து, கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் புறப்படும் நேரம், சேரும் நேரம், மொத்த மணி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, வேளைகளைக் குறித்து வாங்குங்கள். அந்தத் தாளும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கில் போகும் பெட்டியில் வேண்டாம். பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது காலில் இரத்தம் கட்டும் அபாயம் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். நடைபாதையோர இருக்கை இதற்கு வசதி.

கென்னடியா, நியூவர்க்கா?

சிங்கப்பூரிலிருந்து நியூவர்க் 15,344 கிலோமீட்டர். கென்னடிக்கும் அதற்கும் வானக் கணக்கில் 5 கிலோமீட்டர்தான் வித்தியாசம். தரையில் கதை வேறு. கென்னடி குவீன்ஸில் இருக்கிறது. நியூவர்க் ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சி மாநிலத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலையில் போக மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். எடிசன் போன்ற நியூஜெர்சி ஊர்களில் உறவினர் இருப்பவர்கள் கென்னடியில் இறங்கினால் அழைக்க வருகிறவர் நியூயார்க் நகரத்தையே குறுக்கே கடந்து வர வேண்டும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம், லாங் ஐலண்ட் பக்கம் வீடு என்றால் கென்னடிதான் அருகில். கட்டணத்தில் சிறு வித்தியாசத்தைப் பார்த்து நிலையத்தை மாற்றுவதற்கு முன், இறங்கிய பிறகு வாடகைக் காருக்கு ஆகும் தொகையையும் கூட்டிப் பாருங்கள்.

மன்ஹாட்டன் போகிறவர்களுக்கு இரண்டிலிருந்தும் ரயில் உண்டு. கென்னடியில் ஏர்ட்ரெயின் ஏறி ஜமைக்கா நிலையத்தில் இறங்கி, லாங் ஐலண்ட் ரயிலில் பென் ஸ்டேஷனுக்கோ கிராண்ட் சென்ட்ரலுக்கோ போகலாம். நியூவர்க்கிலும் ஏர்ட்ரெயினில் போய் நியூஜெர்சி டிரான்சிட் ரயில் பிடித்தால் பென் ஸ்டேஷன். நியூவர்க் ரயிலில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூவர்க் நகரிலும் ஒரு பென் ஸ்டேஷன் இருக்கிறது, வண்டி அங்கேதான் முதலில் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் அங்கே இறங்கிவிடாதீர்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அதன் பிறகுதான் ரயிலோ காரோ பதிவு செய்யுங்கள். உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இறங்கும் நேரத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே நிலையத்திலிருந்துதானா என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.